மெயினுக்கு முன்னால் எடுத்த ஒயர்

சலூனில் அவனுக்குத் தொட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தவர் போனவர் தலையையெல்லாம் பிடித்துக்கொண்டு மீன்தொட்டியைப் பற்றியே பேசித் தீர்த்ததால், முதலாளி அண்ணன் ஒருநாள் சலித்துப்போய் அப்படிக் கூப்பிட்டார். அது ஒட்டிக்கொண்டது. இப்போது வாடிக்கையாக வருகிறவர்கள்கூட, "தொட்டி இல்லையா? அப்ப நான் அப்புறம் வரேன்" என்று திரும்பிப் போகிறார்கள்.

அன்று காலை அவனுடைய நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர். கழுத்துவரை நுரை. ஒரு கன்னம் முடிந்திருந்தது.

"உன் பேச்சைக் கேட்டு நானும் ஒரு தொட்டி வாங்கிட்டேன்யா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அப்படிப் போடுங்க. என்ன மீன் சார்?"

"பொண்ணு கேட்டான்னு கோல்ட் ஃபிஷ். வீட்டுக்காரி இன்னும் திட்டிக்கிட்டே இருக்கா."

"திட்டட்டும். திட்டு விழுற வீட்லதான் மீன் நல்லா தங்கும்."

"உன்கிட்ட என்ன இருக்கு?"

பக்கத்து நாற்காலியில் கத்தரியோடு நின்ற முதலாளி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஐயையோ, கேட்டுட்டீங்களே. இனிமே இன்னொரு கன்னம் நாளைக்குத்தான்."

தொட்டிக்கு அது போதும். டிஸ்கஸ் என்றான். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, நீலமும் சிவப்பும் கோடு கோடாக இருக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். கொஞ்சம் குளிர்ந்தாலும் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கிவிடும். குஞ்சு பொரித்துவிட்டால் தாய் தகப்பன் இரண்டின் தோலிலும் ஊறுகிற பசையைக் கொத்தித் தின்றுதான் குஞ்சுகள் பிழைக்கும். அவனுடைய ஜோடி பல தடவை முட்டையிட்டு, தானே தின்று தீர்த்து, ஒரு தடவை பொரித்ததும் செத்துப்போய், இந்தத் தடவைதான் குஞ்சுகள் தங்கியிருக்கின்றன.

"அப்பன் முதுகுல ஒட்டிக்கிட்டு ஊர்வலம் போகுது சார். பார்த்தா நீங்க கடையையே மூடிட்டு வந்து உட்கார்ந்துடுவீங்க."

"அப்ப ஹீட்டர் போட்டிருப்பியே. ஜாக்கிரதைப்பா. என் மச்சினன் வீட்ல என்ன ஆச்சு தெரியுமா? தண்ணி மாத்தறதுக்காகப் பாதித் தொட்டிய இறக்கியிருக்கான். அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டாங்கன்னு எழுந்து போயிட்டான். ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கலை. அது தண்ணிக்கு வெளியே நின்னு கொதிச்சு, டப்புனு வெடிச்சு, பின்னாடி ஒட்டியிருந்த தெர்மாகோல் பத்திக்கிச்சு. நல்லவேளை டிரிப் சுவிட்ச் விழுந்துச்சு. இல்லேன்னா வீட்டையே வாரிக் கூட்டியிருப்பான்."

கத்தி கழுத்தின் மேல் நின்றது.

"என்னய்யா?" என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் தொட்டியின் முகத்தைப் பார்த்ததும் மெதுவாகக் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

காலையில் அவன் தண்ணீர் இறக்கியிருந்தான். குழாய் போட்டு, மீன் பயப்படாதபடி மெதுவாக, பாதித் தொட்டிக்கும் கீழே. மாற்று நீர் வைக்கிற டிரம் காலியாகக் கிடந்தது. கட்டடத்தில் தண்ணீர் விட நேரமாகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் அண்ணன் போனில், "கூட்டம் நிக்குது, மகாராஜா எப்ப எழுந்தருளுவார்?" என்று கத்தினார். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பிளக்கைப் பிடுங்கினானா? ஒவ்வொரு முறையும் பிடுங்குவான். கை தானாகப் போகும். இன்றைக்குக் கை போனதா என்று நினைத்துப் பார்த்தான். சட்டைப் பொத்தான் நினைவுக்கு வந்தது. சாவி நினைவுக்கு வந்தது. "மாமா, கதவைப் பூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பிளக் வரவில்லை.

அந்த அறையில்தான் மாமனார் படுத்திருந்தார்.

இடுப்பெலும்பு உடைந்து, தொடைவரை மாவுக்கட்டோடு, இரும்புக் கட்டிலில். வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் அவனும் மனைவியும். மற்றது மீன் அறை. அவர் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, மீனை வெளியே எடுக்க முடியாது என்று அவன் சொல்ல, மீனோடு சேர்த்து அப்பாவையும் போட்டுவிடலாம் என்று மனைவி முடிவெடுத்தாள். அன்றிலிருந்து மாமனார் வந்தவர்களிடமெல்லாம், "இது மீனுங்க ரூம். நான் ஒண்ட வந்தவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டி உள்ளே வந்தால், "வாங்க மாப்பிள்ளை. என் பேரப்பிள்ளைங்க எல்லாம் சௌக்கியம்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பேச்சு எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தேதான் சொல்வார்.

போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. அவருடைய போன் ஹாலில் சார்ஜரில் கிடக்கிறது என்று பாதியில் உறைத்தது. துணிக்கடையில் வேலைக்குப் போயிருந்த மனைவியின் பெயரைத் தொட்டான். மணி அடிப்பதற்குள் கட் செய்தான். அவளிடம் என்ன சொல்வது? அதைவிடக் கீழ்வீட்டு அக்கா நல்லது.

"அக்கா, நான் மேல்வீடு. கொஞ்சம் மேல போய் எங்க கதவைத் தட்டிப் பார்க்கறீங்களா? மாமா பதில் சொல்றாரான்னு."

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன். என்னமோ பிளாஸ்டிக் தீயற நாத்தம் வருது. உங்க மாமனார் மீனைச் சுட்டுத் தின்ன ஆரம்பிச்சுட்டாரோன்னு நினைச்சேன்" என்று சிரித்தாள் அக்கா.

அவன் ஓடினான்.

தோளில் கிடந்த துணியை எடுக்கவில்லை. கத்தியை வைக்கவும் இல்லை. பின்னால் அண்ணன், "டேய்! டேய் தொட்டி! அவரைப் பாதியில விட்டுட்டு எங்கடா?" என்று கூவியது தெருத் திரும்பும்வரை கேட்டது. முன்னால் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தன் கையில் விரித்த சவரக்கத்தி இருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மடக்கிப் பையில் போட்டான், விரலில் கிழித்துக்கொண்டான்.

ஓடும்போது அவன் நினைப்பெல்லாம் ஹீட்டரில் இல்லை. மருந்துக்கடைக்காரர் கடைசியாகச் சொன்னதில் இருந்தது. நல்லவேளை, டிரிப் சுவிட்ச் விழுந்துச்சு.

அவன் வீட்டில் அது விழாது.

முன்பு கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே விழுந்துகொண்டுதான் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு நாளுக்கு ஒரு தடவை. பழைய ஹீட்டரில் கரண்ட் கசிகிறது என்று அவனுக்குத் தெரியும். மாற்றியிருக்கலாம். ஆனால் ஜோடி முட்டை போட்டிருந்த நேரம். தொட்டிக்குள் கையை விட்டுக் குடைந்தால் தாய் பயந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மீன் வளர்க்கிறவனுக்கு மட்டும்தான் இந்த நியாயம் நியாயமாகப் படும். ஒருநாள் வீட்டில் நடமாடுகிற ஆள் யாரும் இல்லாதபோது சுவிட்ச் விழுந்து, ஹீட்டரும் நின்று, காற்று பம்பும் நின்று, அவன் வந்து பார்த்தபோது பொரித்த குஞ்சுகளெல்லாம் தூசி மாதிரி அடியில் படிந்து கிடந்தன. மாமனார் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "எனக்குக் கால் இருந்தா எழுந்து போய் சுவிட்சைத் தூக்கியிருப்பேன் மாப்பிள்ளை" என்றார். அதில் கேலி இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அடுத்த விடுமுறையன்று, வீட்டுக்கு வருகிற கரண்ட்டின் பாதையை அவன் வெட்டி வேறு பக்கம் திருப்பினான். கீழே மீட்டர் அறையில் தன் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்தான். மேலே வந்து ஹாலில் இருக்கிற மெயின் பெட்டியைத் திறந்தான். கீழிருந்து ஏறி வருகிற ஒயர் முதலில் மெயின் சுவிட்சில் சேரும். அதிலிருந்து டிரிப் சுவிட்ச். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் பிரியும். அவன் அந்த முதல் முனையிலேயே, மெயினுக்கும் முன்னால், ஒரு தனி ஒயரை முறுக்கி மீன் அறைக்கு இழுத்து, அந்த அறை லைட்டையும் அதிலேயே சேர்த்தான். இனி டிரிப் விழுந்தாலும், வெளியூர் போகும்போது மனைவி மெயினையே இறக்கினாலும், மீனுக்குக் கரண்ட் நிற்காது. வேலை சுத்தமாக இருந்தது. சுவர் நிறத்திலேயே பிளாஸ்டிக் பட்டி அடித்து மறைத்தான். பம்பு ஒயர்கள் வழியாகத் தண்ணீர் இறங்கி எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் போய்விடக் கூடாதென்று ஒவ்வொரு ஒயரையும் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றினான். அந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் எல்லாம் அவனை யாரும் அடிக்க முடியாது.

"இப்பல்லாம் டிரிப் விழறதே இல்லையே" என்றாள் மனைவி.

"ரிப்பேர் பண்ணிட்டேன்."

"பரவாயில்லையே, உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கீங்க."

படிக்கட்டில் ஏறும்போதே புகை இறங்கி வந்தது. கறுப்பு. தெர்மாகோல் எரிந்தால் இப்படித்தான் எண்ணெய் மாதிரி ஒட்டும். தொட்டியின் பின்புறமும் பக்கமும் சூடு போகாமலிருக்க அவன்தான் அதை வெட்டி ஒட்டியிருந்தான். கீழ்வீட்டு அக்கா கதவுக்கு முன்னால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருமறார்! இருமல் கேக்குது! சாவி எங்கடா?"

சாவி ஓட்டைக்குள் போகவில்லை. அக்கா பிடுங்கித் திறந்தாள்.

ஹாலில் புகை தோளுக்கு மேலே தொங்கியது. குனிந்து ஓடி மெயின் பெட்டியைத் திறந்து கைப்பிடியை இழுத்தான். ஹால் ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு முறை உதறி அடங்கியது. மீன் அறை வாசலுக்கு வந்தான்.

அறைக்குள் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. மெயினை இறக்கியாயிற்றே? பிறகு புரிந்தது. மெயினுக்கு முன்னால் அவன் எடுத்த ஒயர்.

தொட்டியின் கண்ணாடி சூட்டில் பிளந்திருந்தது. இருந்த பாதித் தண்ணீரும் கொட்டி, தரையெல்லாம் கறுத்த தண்ணீர். தீயின் பெரும்பகுதியை அதுதான் அணைத்திருந்தது. ஆனால் ஸ்டாண்டின் பின்னால் இன்னும் தெர்மாகோல் உருகி, எரிகிற சொட்டாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டுக்குக் கீழே எக்ஸ்டென்ஷன் பெட்டி தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அதன் சிவப்பு விளக்கு தண்ணீருக்குள்ளிருந்து எரிந்தது. ஃபியூஸ் கம்பியை எரிக்கிற அளவுக்குப் பெரிய ஷார்ட் இல்லை இது. நனைந்து கசிகிற கரண்ட். இதைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்கென்றே ஒரு சாமான் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித்தான் அவன் பாதை போட்டிருந்தான்.

அறையின் அந்தக் கோடியில், ஜன்னல் ஓரம், இரும்புக் கட்டில். கட்டிலின் நான்கு காலும் தண்ணீரில். மாமனார் கைத்தடியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, அந்த ஓட்டையில் முகத்தை வைத்து மூச்சை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் அப்படியே மாறியது. அந்த முகத்தில் அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை அதற்கு முன்னால் ஒருநாளும் இருந்ததில்லை.

"மாப்பிள்ளை! வந்துட்டீங்களா! தூக்குங்க, தூக்குங்க!"

அவன் ஒரு காலை வைத்தான். ரப்பர் செருப்பின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் விரலைத் தொட்டது. முழங்கால்வரை சுரீரென்று இழுத்தது. பின்னால் விழுந்தான்.

"மாமா, கட்டில் கம்பியைத் தொடாதீங்க! காலைக் கீழ விட்றாதீங்க! மெத்தை மேலயே இருங்க!"

"என்னது? தூக்கு வந்து!"

"இதோ வந்துடறேன் மாமா, கீழ போயிட்டு..."

"கீழயா?" இருமல் அவரைப் பிடித்து உலுக்கியது. "எங்க போற? டேய்! என்னைப் பார்த்துக்கிட்டே போறியாடா? டேய்!"

விளக்கிச் சொல்ல ஒரு வாய் மூச்சு வேண்டும். அது அங்கே இல்லை. அவன் திரும்பி ஓடினான். படிக்கட்டில் பாதிவரை அந்தக் குரல் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டே வந்தது. "ஓடாதடா! ஓடாதடா பாவி!"

மீட்டர் அறை கம்பிக்கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி செக்யூரிட்டியிடம், செக்யூரிட்டி நாற்காலியில் இல்லை. தொட்டி கம்பியைப் பிடித்து ஆட்டினான். காலால் உதைத்தான். வாய்விட்டு அழுதான். எப்போது அழ ஆரம்பித்தான் என்று அவனுக்குத் தெரியாது. பின்னாலேயே ஓடிவந்த அக்கா, "தள்ளு" என்று சொல்லிவிட்டு, செடித்தொட்டிக்கு முட்டுக்கொடுத்திருந்த கருங்கல்லைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டாள். இரண்டாவது போடில் கொண்டி பெயர்ந்தது.

உள்ளே வரிசையாக ஃபியூஸ் கட்டைகள். சுண்ணாம்பு அடித்தபோது வீட்டு எண்கள் அழிந்துபோயிருந்தன. தன்னுடையது எது என்று ஒரு மாதத்துக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கினான். பிடுங்கிப் பிடுங்கித் தரையில் எறிந்தான். கட்டடம் முழுக்க ஏதேதோ மோட்டார்கள் ஓய்ந்தன; மேலே யாரோ, "கரண்ட் போச்சு" என்று சலித்துக்கொண்டார்கள்.

திரும்ப ஏறியபோது அந்தக் குரல் இல்லை.

இதைத்தான் அவனால் பிறகு யாரிடமும் சொல்ல முடியவில்லை. குரல் இருந்தவரை திட்டாவது கேட்டது. இப்போது தீ சீறுகிற சத்தமும் எங்கோ சொட்டுகிற சத்தமும்தான். தோளில் கிடந்த சலூன் துணியை அக்கா தண்ணீரில் முக்கி அவன் முகத்தில் கட்டிவிட்டாள். உள்ளே இருட்டு. டியூப்லைட் அணைந்திருந்தது. அவன் தண்ணீரில் காலை வைத்தான், ஒன்றும் இழுக்கவில்லை. காலடியில் ஏதோ வழுக்கியது, மீன். குனிந்து பார்க்கவில்லை. கட்டிலைத் தடவி, படுக்கை விரிப்பை நான்கு முனையாகப் பிடித்து, மாமனாரோடு சேர்த்துக் கீழே இழுத்தான். மாவுக்கட்டு தரையில் மோதி நொறுங்கிய சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பான்.

வராந்தாவில் போட்டதும் அக்கா அவர் மார்பில் காதை வைத்தாள். "இருக்கு. இருக்குடா. மூச்சு இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவரை ஒரு தடுப்புத் திரைக்குப் பின்னால் போட்டு, மூக்கிலும் வாயிலும் மாஸ்க் மாட்டினார்கள். நுரையீரலில் புகை, இடுப்பு மறுபடி விலகியிருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். மனைவி துணிக்கடைச் சீருடையோடு, கழுத்தில் அளவு நாடா தொங்க, ஓடிவந்தாள். அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கையில் இருந்த கீறலைப் பார்த்து, "ஐயோ, கண்ணாடி குத்திடுச்சா?" என்றாள். கத்தி என்று அவன் சொல்லவில்லை.

மாமனார் கண்ணைத் திறந்ததும் மாஸ்க்கைக் கழற்றினார். நர்ஸ் தடுத்தும் கேட்கவில்லை.

"உன் புருஷன் வந்தான்மா" என்றார். குரல் மண்ணில் தேய்த்த மாதிரி இருந்தது. "வாசல்ல நின்னு என்னை நல்லாப் பார்த்தான். பார்த்துட்டு ஓடிட்டான்."

"அப்பா, அவர்தானே உங்களை வெளியே..."

"அப்புறம் வந்திருப்பான். ஊர்ஜனம் கூடினதுக்கு அப்புறம். முதல்ல ஓடினான். நான் கூப்பிடக் கூப்பிட ஓடினான்."

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க சொல்றார்?"

சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான் இருந்தது. கரண்ட்டை நிறுத்தப் போனேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: மெயின் ஹால்லதானே இருக்கு, ஏன் கீழ போனீங்க? அவளுக்கு மூளை அப்படித்தான் வேலை செய்யும்; துணிக்கடையில் அரை அங்குலம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள். அதற்குப் பிறகு அந்த ஒயர் வரும். ஓடிப்போனவனாக இருந்தால் அவள் ஒரு மாதம் பேசமாட்டாள். ஒரு வருஷம் குத்திக்காட்டுவாள். மாமனார் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதோடு போகும். கோழையோடு ஒரு பெண் குடித்தனம் நடத்தலாம். அப்பாவின் கட்டிலுக்குக் கரண்ட் பாய்ச்சியவனோடு?

"பயந்துட்டேன்" என்றான். "தீயைப் பார்த்ததும் கை கால் ஓடலை. ஓடிட்டேன்."

அவள் அவன் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். மாமனார் மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டார், வேலை முடிந்த மாதிரி.

போன் அடித்தது. கீழ்வீட்டு அக்கா.

"எப்படி இருக்கார்? பிழைச்சுட்டாரா? அப்பாடா. மிச்சத் தீயையும் அணைச்சாச்சு, இங்க நீ ஒண்ணும் கவலைப்படாதே. உன் மச்சினன் வந்துட்டான். பாவம், வந்ததும் பேண்ட்டை மடிச்சுக்கிட்டு அந்த ரூம்ல இறங்கித் தண்ணியை வாரிக் கொட்டிக்கிட்டு இருக்கான். செருப்புகூடப் போடலை. சொன்னாக் கேக்கணுமே."

"ம்."

"எலக்ட்ரீஷியனும் வந்துட்டார். எல்லா வீட்லயும் கரண்ட் இல்லாம மேல ஒரே சத்தம். கட்டையெல்லாம் மறுபடி மாட்டிடலாமான்னு கேக்கறார். உங்க வீட்டு மெயின் இறங்கித்தானே இருக்கு?"

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் அக்காவின் குரல் அறைக்கே கேட்கும்.

"இறங்கித்தான் இருக்கு" என்றான்.

அது பொய்யில்லை. மெயின் இறங்கித்தான் இருந்தது.

"அப்ப மாட்டச் சொல்லிடறேன்" என்று அக்கா வைத்துவிட்டாள்.

அவன் போனைப் பார்த்தான். வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நிற்கிற மச்சினனைப் பார்த்தான். கூடப்பிறந்த அக்கா என்றால் உயிரையே விடுவான் அந்தப் பையன்; அக்கா புருஷன் என்பதற்காக இவனுக்கும் ஒவ்வொரு முறையும் பேருந்து நிலையம்வரை வந்து பை தூக்குவான்.

திரும்ப அடித்தான். வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தான். மச்சினனின் எண்ணை அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை. கை நனைந்திருக்கும். மறுபடி அக்காவுக்கு. அவன் வாய் எதையோ முனகிக்கொண்டே இருந்தது. "எடு, எடு, எடு."

"யாருக்குங்க? என்ன ஆச்சு?"

"எடுங்கக்கா!"

"என்னடா, அதுக்குள்ள..." என்றது அக்காவின் குரல்.

"போடாதீங்க!" அந்த வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "கட்டையைப் போடாதீங்க! எலக்ட்ரீஷியன் கையைப் பிடிங்க! தம்பியை வெளியே வரச் சொல்லுங்க, தண்ணியில இருந்து வெளியே! மெயின் இறங்கினாலும் அந்த ரூமுக்கு கரண்ட் வரும். நான் மெயினுக்கு முன்னாடியே ஒயர் எடுத்திருக்கேன்! டிரிப் சுவிட்சுக்கும் முன்னாடி! அது நிக்காது அக்கா, எதை இறக்கினாலும் நிக்காது!"

அந்தப் பக்கம் ஓடுகிற செருப்புச் சத்தம். யாரோ, "யோவ், நிறுத்து நிறுத்து" என்றார்கள். ஒரு கட்டை தரையில் விழுந்து உருண்டது. பிறகு மூச்சிரைக்க அக்கா. "ரெண்டு மாட்டிட்டார். மீட்டர் நம்பர் பார்த்துத்தான் மாட்டறார், உங்களுது இல்லை. உங்களுது கையில வெச்சிருக்கார்." குரலை இறக்கி, "ஏன்டா, என்ன காரியம்டா பண்ணி வெச்சிருக்கே?" என்றாள்.

தொட்டி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

மனைவி அவன் கையிலிருந்த போனை எடுத்தாள். தம்பியிடம் கொடுக்கச் சொன்னாள். "வெளியே வா. வராந்தாவிலேயே நில்லு. எதையும் தொடாதே. எலக்ட்ரீஷியன் அந்த ஒயரைக் கண்டுபிடிச்சு வெட்டறவரைக்கும் உள்ள போகக் கூடாது. எங்க இருந்து வருதுன்னா?" அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவனைப் பார்த்துக் கேட்டாள். "எங்க இருந்து வருது?"

சொன்னான். பெட்டியின் இடது பக்கம், மேல் முனை, சுவர் நிறத்தில் பட்டி. அவள் ஒவ்வொன்றாகத் தம்பிக்குத் திருப்பிச் சொன்னாள்.

"வேற எங்கயாவது இருக்கா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லை."

அவள் போனில், "இல்லையாம். ஆனா அவர் சொன்னார்ங்கறதுக்காக விட்டுடாதே. வீடு முழுக்கப் பார்க்கச் சொல்லு" என்றாள்.

மாமனார் மாஸ்க்கை மறுபடி இறக்கியிருந்தார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கட்டிலில் படுத்தபடி, மூழ்கிய விளக்கையும் உடைந்த ஜன்னலையும் தன் குரலையும் மறுபடி ஒருமுறை பார்த்து முடிக்கிற மனிதரைப் போல அவர் வெகு நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஓடலை" என்றார் கடைசியில்.

"இல்லை மாமா."

"ஓடிப்போனதாவே இருந்திருக்கலாம் மாப்பிள்ளை."

மனைவி வந்து அவர் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தினாள். பிறகு திரையை இழுத்து மூடினாள். அவன் வெளிப்பக்கம் இருந்தான்.